மாநில வரியும் ஃப்ரீ ஏஜென்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் 30 மாலை 6 மணி, நியூயார்க் நேரம். சென்னையில் அப்போது ஜூலை 1 விடியற்காலை மூன்றரை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஃப்ரீ ஏஜென்சி திறக்கும் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து உட்காரும் கூட்டம் நம்மிடமும் உண்டு. முதல் ஒப்பந்தச் செய்தி வந்த பத்தாவது நிமிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டெக்சஸ்ல வரியே கிடையாதே, அங்க போயிருக்கலாமே?" அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வரிசையாக வரும் மற்றக் கேள்விகளுக்கும்தான் இந்தப் பக்கம்.

ஃப்ரீ ஏஜென்சி என்றால் என்ன? அதில் வரி எங்கே வருகிறது?

ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர், பிடித்த அணியோடு பேரம் பேசிச் சேரலாம். அதுதான் ஃப்ரீ ஏஜென்சி. ஐபிஎல் ஏலத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, யார் கையைத் தூக்குகிறார்கள் என்று டிவி முன்னால் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃப்ரீ ஏஜென்ட் ஆனவர் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். ஊர் மாறினால் மாநிலம் மாறும், மாநிலம் மாறினால் வரி மாறும்.

நமக்கு இது கொஞ்சம் புதிது. இந்தியாவில் சம்பளத்துக்கான வருமான வரியை மத்திய அரசு மட்டுமே போடுகிறது. மாநிலங்களின் பங்குக்குத் தொழில்வரி உண்டு. அதுவும் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியல் சாசனமே கட்டிப் போட்டிருக்கிறது. அதனால் ஒரு கிரிக்கெட் வீரருக்குச் சென்னையா மும்பையா என்பதில் வரிக் கணக்கு குறுக்கே வராது.

எந்த மாநிலத்தில் எவ்வளவு?

மத்திய அரசின் வருமான வரி எல்லா ஊரிலும் ஒன்றுதான், உச்ச விகிதம் 37 சதவீதம். அதற்கு மேல்தான் மாநிலம். டெக்சஸ், ஃப்ளோரிடா, டென்னசி, நெவாடா ஆகிய மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி பூஜ்யம். பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் ஒரே 3.07, இல்லினாயில் 4.95. மாசசூசெட்ஸில் 5 சதவீதம் இருந்தது. 2023 முதல் 10 லட்சம் டாலரைத் தாண்டும் வருமானத்துக்கு இன்னொரு 4 சேர்ந்துகொண்டது. மினசோட்டா 9.85, நியூஜெர்சி 10.75.

நியூயார்க் மாநிலத்தில் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் 10.9. நியூயார்க் நகருக்குள்ளேயே குடியிருந்தால் நகரத்துக்கும் 3.876 சதவீதம் வரை கட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் 13.3. அங்கே சம்பளத்தில் பிடிக்கும் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகைக்கு இருந்த வரம்பை 2024இல் எடுத்துவிட்டார்கள், அதையும் சேர்த்தால் 14ஐத் தாண்டும்.

அப்படியானால் டெக்சஸ் அணியில் ஆடுகிறவர் மாநில வரியே கட்டுவதில்லையா?

கட்டுகிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குகளில் பாதி சறுக்குவது இங்கேதான்.

சம்பளத்தை வேலை நடந்த இடத்தில் ஈட்டியதாகத்தான் மாநிலங்கள் பார்க்கின்றன. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வீரர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஆட்டம் ஆடினால், அந்த நாட்களுக்கான சம்பளப் பங்கு கலிஃபோர்னியாவில் ஈட்டியது. கலிஃபோர்னியா அதற்கு வரி கேட்கும். சிகாகோ போனால் இல்லினாய் கேட்கும். பேச்சு வழக்கில் இதற்கு 'ஜாக் டாக்ஸ்', அதாவது விளையாட்டு வீரர் வரி, என்று பெயர். வெளியூரிலிருந்து வந்து சம்பாதிக்கும் எவருக்கும் சட்டப்படி இது பொருந்தும். ஆனால் ஒரு மென்பொருள் ஆலோசகர் இரண்டு நாள் வந்துபோனதை மாநிலம் எங்கே போய்த் தேடும்? வீரர்களுக்கு அட்டவணை முன்கூட்டியே அச்சாகிறது, சம்பளம் நாளிதழில் வருகிறது, ஆட்டத்தை ஊரே பார்க்கிறது. வரி அதிகாரிக்கு இதைவிட வசதி கிடையாது.

பங்கைப் பிரிப்பது 'டியூட்டி டேஸ்' என்ற பணி நாள் கணக்கில். ஆட்ட நாள் மட்டுமல்ல. பயிற்சி, அணிக் கூட்டம், சீசனுக்கு முந்தைய முகாம் எல்லாம் பணி நாள்தான். ஆண்டின் மொத்தப் பணி நாட்களில் ஒரு மாநிலத்தில் எத்தனை நாள் கழிந்ததோ, சம்பளத்தில் அந்த விகிதம் அந்த மாநிலத்துக்கு.

அதனால் ஒரு என்பிஏ வீரர் ஒரே ஆண்டில் பத்துப் பதினைந்து மாநிலங்களில் கணக்குத் தாக்கல் செய்வது சாதாரணம். அணியோடு பயணிக்கும் பிசியோதெரபிஸ்ட்டையும் உபகரணம் தூக்குகிறவரையும்கூடப் பல மாநிலங்கள் விடுவதில்லை. நட்சத்திர வீரருக்கு ஆடிட்டர் இருக்கிறார், பாவம் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த ஜாக் டாக்ஸ் எப்போது ஆரம்பித்தது?

வெளியூர் வீரர்களுக்கு வரி போடும் பழக்கம் கலிஃபோர்னியாவில் முன்பே இருந்தது. ஊருக்கெல்லாம் தெரியவந்தது 1991 என்பிஏ இறுதிப் போட்டியால். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. பின்னாலேயே புல்ஸ் வீரர்களுக்குக் கலிஃபோர்னியாவின் வரிக் கேட்பு வந்தது.

இல்லினாய் சும்மா இருக்குமா? எங்கள் வீரர்களுக்கு எந்த மாநிலம் வரி போடுகிறதோ, அந்த மாநிலத்து வீரர்கள் இங்கே வந்தால் நாங்களும் போடுவோம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'மைக்கேல் ஜோர்டனின் பழிவாங்கல்' என்றே அதற்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு மாநிலமாக இதில் வருமானம் இருப்பதைக் கண்டுகொண்டன.

நாள் கணக்கில் தகராறு வராதா?

வந்தது. கிளீவ்லேண்ட் நகரம் தன் 2 சதவீத வரியைப் பணி நாள் கணக்கில் போடாமல் ஆட்டங்களின் கணக்கில் போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஆண்டுக்கு ஆட்டங்கள் சொற்பம். முன்சீசனையும் சேர்த்து இருபதில் ஒன்று கிளீவ்லேண்டில் என்றால் சம்பளத்தில் 5 சதவீதம் அங்கே ஈட்டியதாகிவிடும். பணி நாள் கணக்கில் அது சுமார் 1.25 சதவீதம்தான். சிகாகோ பேர்ஸ் வீரர் ஹன்டர் ஹில்லன்மேயர் வழக்குப் போட்டார்.

கூடவே இன்னொரு வழக்கு, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஜெஃப் சாட்டர்டே போட்டது. 2008இல் அவர் அணி கிளீவ்லேண்டுக்குப் போனபோது இவர் காயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு இண்டியானாபொலிஸிலேயே இருந்தார். ஊருக்குள் காலே வைக்காத ஆளிடமும் நகரம் வரி வாங்கியது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2015இல் இரண்டு வழக்கிலும் வீரர்கள் பக்கம் நின்றது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள்.

சரி. இலக்கங்கள் எல்லாம் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு என்பிஏ வீரர், ஆண்டுச் சம்பளம் 2 கோடி டாலர், பணி நாட்கள் 200. அதாவது ஒரு பணி நாளின் விலை 1 லட்சம் டாலர்.

இவர் ஹூஸ்டனில் சேர்கிறார், வீடும் அங்கேயே. சிகாகோவுக்கு ஒரு பயணம், 2 நாள். 2 லட்சம் டாலருக்கு 4.95 சதவீதம் என்றால் 9,900 டாலர் இல்லினாய்க்கு. கலிஃபோர்னியாவில் நான்கு என்பிஏ அணிகள் இருக்கின்றன, எல்லாம் ஹூஸ்டனைப் போல லீகின் மேற்குப் பாதியில். அங்கே மொத்தம் 12 நாள் என்று வையுங்கள். 12 லட்சம் டாலர். இங்கே ஒரு நுணுக்கம்: வெளியூர்க்காரர் என்பதால் 12 லட்சத்துக்குரிய குறைந்த விகிதத்தை வாங்கிக்கொண்டு விடமாட்டார்கள். மொத்தம் 2 கோடியும் கலிஃபோர்னியாவில் சம்பாதித்திருந்தால் சராசரி விகிதம் என்ன வருமோ அதைக் கண்டுபிடித்து, அதை இந்தப் 12 லட்சத்துக்குப் போடுவார்கள். சுமார் 13 சதவீதம், 1,56,000 டாலர். மற்ற மாநிலங்களையும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 'வரியே இல்லாத' டெக்சஸ் வீரர் கட்டும் மாநில வரி இது.

அதே வீரர் லேக்கர்ஸில் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸிலேயே குடியேறினால்? குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கலிஃபோர்னியாவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சிகாகோவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் மீதி வித்தியாசம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விடும். டெக்சஸில் ஆடிய நாளுக்கு அங்கே வரி இல்லை, எனவே முழுவதும் கலிஃபோர்னியாவுக்கே. மொத்தம் சுமார் 26 லட்சம். ஹூஸ்டனோடு ஒப்பிட்டால் 23.5 லட்சம் டாலர் வித்தியாசம், நான்கு ஆண்டு ஒப்பந்தமென்றால் 94 லட்சம்.

சின்னத் தொகை அல்ல. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருமுன் அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

லேக்கர்ஸுக்கு ஆடிக்கொண்டு வீட்டை மட்டும் ஃப்ளோரிடாவில் வைத்துக்கொண்டால்?

ஓரளவுதான் தப்பிக்கலாம். கலிஃபோர்னியாவில் கழியும் 150 பணி நாளுக்கான வரியிலிருந்து தப்பிக்க வழியில்லை, அது மட்டும் 19.5 லட்சம். மிச்சமாவது வெளியூர் ஆட்டங்களின் பங்கில் கலிஃபோர்னியா வாங்கியிருக்கக்கூடிய கூடுதல் வரி. அதைவிடப் பெரிய லாபம் விளம்பர வருமானத்தில் இருக்கிறது. ஷூ கம்பெனி கொடுக்கும் பணம், முதலீட்டு வருமானம் போன்றவை பெரும்பாலும் வீடு இருக்கும் மாநிலத்தோடு போகும். சம்பளத்தைவிட விளம்பரத்தில் அதிகம் பார்க்கும் நட்சத்திரத்துக்கு வீட்டு முகவரி முக்கியம்.

முகவரி மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கவும் கூடாது. ஆண்டில் 183 நாள் எங்கே இருந்தீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், பொருளெல்லாம் எந்த வீட்டில் என்று துருவுவார்கள். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் கேப்டன் டெரெக் ஜீட்டர் தன் வீடு ஃப்ளோரிடாவின் டாம்பாவில்தான் என்றார். 2001 முதல் 2003 வரை அவர் நியூயார்க் குடியிருப்பாளர்தான் என்று நியூயார்க் மாநிலம் பிடித்துக்கொண்டது. 2008இல் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் எளிய வழி ஒன்று இருக்கிறது. நகர வரி நகரவாசிகளுக்கு மட்டும்தான். அந்த ஊர் என்பிஏ அணியான நிக்ஸின் பயிற்சிக் கூடமே நகரத்துக்கு வெளியே வெஸ்ட்செஸ்டரில். அந்தப் பக்கம் வீடு பிடித்தால் 3.876 சதவீதம் மிச்சம்.

எந்த விளையாட்டில் வரி அதிகம் பேசுகிறது?

அணி வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கும் இடத்தில். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எம்எல்பியில், அதாவது பேஸ்பாலில், சம்பள உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அணி அபராதம் போல ஆடம்பர வரி கட்டுகிறது, அவ்வளவுதான். கலிஃபோர்னியா அணிக்கு வீரர் வேண்டுமென்றால், அவர் வரியில் இழப்பதையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். சுமை முதலாளி தலையில் போய் விழும்.

என்பிஏவில் அது முடியாது. ஒரு வீரருக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று விதியே இருக்கிறது. உச்ச ஒப்பந்தம் வாங்கும் தகுதியுள்ளவருக்கு எல்லா வெளி அணியும் ஒரே தொகையைத்தான் நீட்ட முடியும். காகிதத்தில் ஒரே தொகை, கையில் வேறு தொகை. விதி ஒரே ஒரு சலுகையை வைத்திருக்கிறது: வீரரின் பழைய அணி ஐந்து ஆண்டு கொடுக்கலாம், ஆண்டுதோறும் 8 சதவீதம் ஏற்றலாம், மற்ற அணிகளுக்கு நான்கு ஆண்டு, 5 சதவீதம்.

2013இல் டிவைட் ஹோவர்ட் கதை இதற்கு நல்ல உதாரணம். லேக்கர்ஸ் ஐந்து ஆண்டுக்கு 11.8 கோடி டாலர் தர முடிந்தது, ஹூஸ்டன் நான்கு ஆண்டுக்குச் சுமார் 8.8 கோடி. தலைப்புச் செய்தியில் 3 கோடி டாலரை விட்டுவிட்டுப் போனார் என்றுதான் வந்தது. ஆண்டுக் கணக்கில் பாருங்கள்: 2.36 கோடிக்கு எதிராக 2.2 கோடி. கலிஃபோர்னியா அதற்கு முந்தைய நவம்பரில்தான் வாக்கெடுப்பு நடத்தி உச்ச வரியை 13.3 ஆக்கியிருந்தது. அதைக் கழித்தால் ஹூஸ்டன்தான் ஆண்டுக்கு அதிகம். லேக்கர்ஸில் கழிந்த ஓராண்டு அவருக்கு ஒத்துவரவில்லை என்பதும் ஊரறிந்தது. எது எத்தனை பங்கு என்று அவர் மனதுக்குத்தான் தெரியும்.

எரிக் ஹெம்ப்ரே என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க லீகுகளின் வெற்றித் தோல்விகளை வரி விகிதத்தோடு வைத்துப் பார்த்தார். 1990களின் நடுவிலிருந்து அதிக வரி மாநில அணிகள் சற்றுக் குறைவாக ஜெயிக்கின்றன, அது அதிகம் தெரிவது என்பிஏவில் என்பது அவர் கண்டது.

என்எச்எல்லில் ஃப்ளோரிடா அணிகள் ஏமாற்றுகின்றன என்கிறார்களே?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம், அதுவும் கனடா ரசிகர்களிடம், வாயைக் கொடுத்தால் இதுதான் பேச்சு. காரணம் கோப்பைகள். டாம்பா பே 2020, 2021, வேகஸ் 2023, ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025. எல்லாம் மாநில வருமான வரி இல்லாத ஊர்கள். டொராண்டோவில் உச்ச வருமானத்துக்குக் கனடாவின் மத்திய வரியும் ஒன்டாரியோ வரியும் சேர்ந்து 53.53 சதவீதம் போகிறது.

என்எச்எல்லில் உச்சவரம்பு இறுக்கமானது, அபராதம் கட்டிவிட்டுத் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு வீரரிடமும் ஐந்து லட்சம், பத்து லட்சம் குறைத்துப் பேச முடிந்த அணி, மிச்சத்தைச் சேர்த்து இன்னொரு நல்ல வீரரை வாங்கிவிடும். 2025 கோப்பைக்குப் பிறகு பாந்தர்ஸ் சாம் பென்னெட்டை ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும், ஆரன் எக்ப்ளாடை 61 லட்சத்துக்கும், பிராட் மார்ஷண்டை 52.5 லட்சத்துக்கும் பிடித்து வைத்துக்கொண்டது. மூவரும் வெளியே போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். டாம்பாவில் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 2016இல் 85 லட்சத்துக்குத் தங்கியதும் இதே ரகம். 2024இல் டாம்பாவை விட்டுக் கிளம்பியபோதும் அவர் போனது நாஷ்வில்லுக்கு. அது டென்னசி, அங்கும் பூஜ்யம்தான்.

என்எச்எல் தலைவர் கேரி பெட்மேன் இந்தப் புகாரைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஃப்ளோரிடா அணிகள் மோசமாக ஆடிய காலத்தில் யாரும் வரியைப் பற்றிப் பேசவில்லையே என்பது அவர் வாதம். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. பாந்தர்ஸ் 1996க்குப் பிறகு 2022 வரை ஒரு ப்ளேஆஃப் சுற்றைக்கூட ஜெயிக்கவில்லை. அத்தனை ஆண்டும் ஃப்ளோரிடாவில் இதே பூஜ்ய வரிதான், இதே கடற்கரைதான். நாஷ்வில் இன்றுவரை கோப்பையைத் தொட்டதில்லை, டல்லஸ் தொட்டது 1999இல். என்எஃப்எல் பக்கம் போனால் டல்லஸ் கவ்பாய்ஸ் 1996 ஜனவரிக்குப் பிறகு சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டியில் கால் வைக்கவில்லை. வரியில்லா ஊர் நல்ல நிர்வாகத்தின் கையில் இன்னொரு சீட்டு. நிர்வாகம் சொதப்பினால் அந்தச் சீட்டு தூங்கும்.

வரிக்காகத்தான் இந்த அணி என்று யாராவது வெளிப்படையாகச் சொன்னதுண்டா?

என்எஃப்எல் வீரர் டைரீக் ஹில் சொன்னார். 2022இல் கான்சஸ் சிட்டி அவரை விடத் தயாரானபோது முன்னால் இருந்தவை நியூயார்க் ஜெட்ஸும் மயாமி டால்ஃபின்ஸும். மயாமியைத் தேர்ந்தெடுத்ததில் மாநில வரிக்கும் பங்கு உண்டு என்று மூடிமறைக்காமல் பேசினார். (ஜெட்ஸ் பெயரில்தான் நியூயார்க், மைதானமும் வரியும் நியூஜெர்சி.) நுணுக்கமாகப் பார்த்தால் அது ட்ரேட் (அணிகள் வீரரைக் கைமாற்றுவது), ஃப்ரீ ஏஜென்சி அல்ல, ஆனால் எங்கே என்பது அவர் கையில் இருந்தது.

பேஸ்பாலில் பிரைஸ் ஹார்ப்பர் 2019இல் ஃபிலடெல்ஃபியாவோடு 13 ஆண்டுக்கு 33 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். சான் ஃபிரான்சிஸ்கோ 12 ஆண்டுக்கு 31 கோடி வரை வந்ததாகச் செய்தி. ஆண்டுச் சராசரியில் சான் ஃபிரான்சிஸ்கோதான் ஒரு நூல் மேல். பென்சில்வேனியாவின் 3.07ஐயும் கலிஃபோர்னியாவின் 13.3ஐயும் பக்கத்தில் வைத்தால் அந்த நூல் அறுந்துவிடும். ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கும் தனியாக ஒரு சம்பள வரி உண்டு, அதைச் சேர்த்தாலும்தான்.

பிறகு ஏன் லெப்ரான் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார்?

என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் 2010இல் மயாமி போனபோது வரிக்காகத்தான் என்று எழுதித் தள்ளினார்கள். 2014இல் வரியுள்ள ஒஹாயோவுக்குத் திரும்பினார். 2018இல் நாட்டிலேயே அதிக வரியுள்ள கலிஃபோர்னியாவில் நான்கு ஆண்டு ஒப்பந்தம். கெவின் ட்யூரன்ட் 2016இல் போனதும் கலிஃபோர்னியாவுக்கே. நட்சத்திரங்களுக்குச் சம்பளம் ஒரு பகுதி வருமானம்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜேலன் பிரன்சன். 2022இல் பூஜ்ய வரி டல்லஸை விட்டு நியூயார்க் நிக்ஸுக்கு வந்தார், நான்கு ஆண்டு, 10.4 கோடி. அந்தக் கோடையில் அவர் அப்பா ரிக் நிக்ஸில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, இன்னும் ஓராண்டு பொறுத்தால் 26.9 கோடி வாங்கலாம் என்ற நிலையில், 15.65 கோடிக்கு நீட்டித்துக்கொண்டார். மிச்சத்தில் அணி நல்ல ஆட்களை எடுக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இப்படி ஒருவரிடம் போய் 10.9 சதவீதத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஓட்டானி 68 கோடியைத் தள்ளிப்போட்டது வரிக்காகவா?

2023 டிசம்பரில் ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸோடு போட்டது 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். ஆடும் காலத்தில் ஆண்டுக்கு வெறும் 20 லட்சம். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல்.

1996இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஓய்வூதியம் போல, பத்து ஆண்டோ அதற்கு மேலோ சம தவணைகளாக வரும் பணத்துக்கு, வாங்கும்போது குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வரி போடலாம். வேலை பார்த்த மாநிலம் உரிமை கொண்டாட முடியாது. 2034க்குள் ஓட்டானி டெக்சஸுக்கோ ஜப்பானுக்கோ வீட்டை மாற்றிவிட்டால் கலிஃபோர்னியாவுக்கு அந்த 68 கோடியில் ஒன்றும் கிடையாது. சுமார் 9.8 கோடி டாலர் போகும் என்று அங்கே ஓர் ஆய்வு மையம் கணக்கிட்டது. மாநில நிதிக் கட்டுப்பாட்டாளர் மாலியா கோஹன் 2024 ஜனவரியில், இந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு வையுங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் வரிக்காகவே தள்ளிப்போட்டார் என்று நான் நினைக்கவில்லை. வட்டியில்லாமல் பத்து ஆண்டு கழித்து வாங்கும் பணத்தைப் பணவீக்கம் தின்றுவிடும். ஆடம்பர வரிக் கணக்கில் அந்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 7 கோடிக்குப் பதில் சுமார் 4.6 கோடியாகத்தான் எண்ணப்படுகிறது. அந்த இடைவெளியில் அணி வேறு வீரர்களை எடுத்தது, 2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பை வாங்கியது.

சைனிங் போனஸில் என்ன விசேஷம்?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகக் கொடுக்கும் தொகை இது. அந்தப் போனஸ் திருப்பித் தர வேண்டாததாக, ஆடுவதை நிபந்தனையாக வைக்காததாக, சம்பளத்திலிருந்து தனியாகக் கொடுப்பதாக இருந்தால், பொதுவாக அது பணி நாள் கணக்கில் சேராது. வீடு இருக்கும் மாநிலம் மட்டும் வரி போடும். ஃப்ளோரிடாவில் வீடு வைத்திருக்கும் வீரர், அதிக வரி ஊரில் சேரும்போது, சம்பளத்தைக் குறைத்துப் போனஸைக் கூட்டச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

கனடாவில் இது பெரிய வழக்காகவே ஆனது. ஹாக்கி வீரர் ஜான் டவாரஸ் 2018இல் டொராண்டோவோடு 7.7 கோடி ஒப்பந்தம் போட்டபோது 1.525 கோடி டாலர் போனஸாக வந்தது. அமெரிக்காவோடு உள்ள வரி உடன்படிக்கைப்படி போனஸுக்கு 15 சதவீதம்தான் என்பது அவர் பக்கம். அது போனஸ் இல்லை, சம்பளம்தான் என்பது கனடா வரித் துறையின் பக்கம்.

மாநில வரியை மத்திய வரியில் கழித்துக்கொள்ள முடியாதா?

2017 வரை முடிந்தது. அதனால், இந்தக் கழிவை ஏற்காத 'மாற்று வரி' என்ற தனிக் கணக்கில் சிக்காதவருக்கு, 13.3 சதவீதம் உண்மையில் 8 சதவீதம் போலத்தான் வலித்தது. அந்த ஆண்டு வந்த சட்டம் கழிவை 10,000 டாலரில் நிறுத்திவிட்டது. 2025இல் அதை 40,000 ஆக்கினார்கள், ஆனால் வருமானம் சுமார் 6 லட்சத்தைத் தொட்டால் மறுபடி 10,000தான். கோடியில் சம்பாதிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஏஜென்ட் கமிஷனைக் கழிக்கும் வசதியும் அதே சட்டத்தில் போயிற்று.

விசித்திரமான வரிகள் ஏதாவது?

டென்னசி. வருமான வரி இல்லாத மாநிலம், ஆனால் என்பிஏ, என்எச்எல் வீரர்களிடம் ஒரு ஆட்டத்துக்கு 2,500 டாலர் வாங்கிக்கொண்டிருந்தது, ஆண்டுக்கு மூன்று ஆட்டம் வரை. சம்பளம் எவ்வளவு என்பது கணக்கே இல்லை. கோடீஸ்வரருக்கும் 2,500, பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்த பையனுக்கும் 2,500. (நம் தொழில்வரியின் உச்சமும் அதே 2,500தான். ரூபாயில், ஆண்டுக்கு.) என்எஃப்எல் வீரர்களுக்கு மட்டும் ஏனோ விலக்கு. ஹாக்கிக்கு 2014இலும் கூடைப்பந்துக்கு 2016இலும் எடுத்துவிட்டார்கள்.

பிட்ஸ்பர்க் நகரம் வெளியூர் வீரர்களிடம் மைதானக் கட்டணம் என்று 3 சதவீதம் பிடித்தது. உள்ளூர்வாசிகள் நகரத்துக்குக் கட்டும் வருமான வரி 1 சதவீதம். 2025இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

தலைநகர் வாஷிங்டனில் ஆடினால்?

அங்கே குடியிருப்பவருக்கு 10.75 சதவீதம் வரை. குடியிருக்காதவரிடம் வருமான வரி வாங்கவே கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஊரின் கையைக் கட்டியிருக்கிறது. அதனால் அந்த ஊர் என்பிஏ அணியான விஸார்ட்ஸோடு ஆட வரும் வெளியூர் வீரர் அங்கே ஒரு சென்ட்கூடக் கட்டுவதில்லை. விஸார்ட்ஸ் வீரரே பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி வர்ஜீனியா பக்கம் வீடு எடுத்தால் உச்ச விகிதம் 5.75. பாலத்தைக் கடந்தால் வீடு வந்துவிடும்.